காற்று வரும் ஊரும் ஆறு போகும் ஊரும்

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் எங்கள் அப்பாவிடம், "எங்க ஊர்ல ஊட்டுக்கு ஊடு கெணறுங்க" என்று சொன்னார்கள். அது பொய்யில்லை. மோகனூரில் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த நான், கல்யாணமாகி ராசிபுரம் வந்து பார்த்தபோது வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. அதில் தண்ணீர் இருக்கிறதா என்று எங்கள் அப்பா கேட்கவில்லை. கேட்காததை அவர்களும் சொல்லவில்லை. சித்திரை மாதம் வாளியை உள்ளே இறக்கினால், அது பாறையில் போய் 'டங்' என்று உட்கார்ந்துகொண்டு, மேலே நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அன்றிலிருந்து யாராவது ஓர் ஊரைப் புகழ்ந்தால் அவர்கள் சொன்னதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் விட்டது என்ன என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அந்தப் பழக்கம் முழுசாகப் பயன்பட்டது என் நாத்தனார் கல்யாணத்தில்தான். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. ஆனால் இரண்டு கடற்கரை ஊர்களை எடை போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலை எங்கள் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. சேலையின் நீளவாட்டு நூலைப் பாவு என்போம். விடிந்ததும் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சியைத் தடவி, வெயில் சுடுவதற்குள் காய வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தால் நூல் மொடமொடவென்று நிற்கும். காற்றில் ஈரம் இருந்தால் தொய்ந்துபோகும். ஈரத்திலேயே கிடந்தால் கஞ்சி புளித்து, கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பிடிக்கும். பிடித்த புள்ளி பிறகு எந்த வெயிலுக்கும் போகாது.

என் நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பாவு காயாத நாளில் அவளுக்கும் மூச்சு வராது. மார்கழிப் பனியிலும் மழை நாளிலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைப்பாள். காலையில் என் வீட்டுக்காரர் வாசலில் பாவைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளே மாமியார் மகளின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு பேர் கைக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

வைத்தியர் தூதுவளை கொடுத்தார், ஆடாதோடை கொடுத்தார், கடைசியில், "கடக்காத்து பட்டா சரியாப் போயிருமுங்க. கடலோரமாப் பாத்துக் கட்டிக் குடுத்துருங்க" என்றார். தன் மருந்துக்குக் கேட்காத நோயாளியைத் தன் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் மாமியார் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த வைகாசியில் இரண்டு இடம் வந்தது. இரண்டுமே எங்கள் பக்கத்திலிருந்து முன்னாளில் பிழைக்கப் போன ஜவுளிக்காரக் குடும்பங்கள். ஒன்று நாகப்பட்டினம். இன்னொன்று மேற்கே மலையாளக் கரையில் கள்ளிக்கோட்டை.

நாகப்பட்டினத்து மாப்பிள்ளைக்குப் பரிந்து பேசியவர் என் மாமியாரின் தம்பி. சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு மோகனூரில் பரிசல் ஏறி, அக்கரை போய்க் கரூரில் ரயிலைப் பிடித்து, நாகப்பட்டினம் வரை விற்றுவிட்டு வருகிறவர். நான் அவரைச் சித்தப்பா என்பேன். திரும்பி வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாயில் சோறு இருந்தாலும் பேச்சு நிற்காது.

"அக்கா, அந்த ஊரு பாயி விரிச்சாப்புல இருக்கும். மேடு கெடையாது, பள்ளங் கெடையாது, மலைன்னு பேச்சுக்குக்கூட ஒண்ணு கெடையாது. காலையில சூரியன் கடலுக்குள்ள இருந்து குளிச்சு எந்திரிச்சு வரும். சாயந்தரமானா காத்து வரும் பாரு, விசிறிக்கு வேலையே இல்ல."

"மத்தியானத்துல?" என்று நான் கேட்டேன்.

"மத்தியானத்துல யாரு வெளிய போறா?"

"தண்ணி எப்புடீங்க சித்தப்பா?"

"தண்ணிக்கென்ன அம்மிணி, உம்பொறந்த ஊட்டுக் காவேரிதான அங்க வந்து சேருது!"

காவிரி அங்கே போய்ச் சேரும்போது எத்தனை பேர் குடித்து மிச்சம் வைத்த காவிரி என்று அவர் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீரைத் தூரத்திலிருந்து குடத்தில் கொண்டுவர வேண்டும், வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும் என்பதை, இரண்டு வாய் ரசம் உள்ளே போன பிறகு வாங்கினேன். இன்னொன்றையும் பேச்சுவாக்கில் விட்டார். அங்கே கூரை வீடுகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, கீழே முளையடித்து இழுத்துக் கட்டியிருப்பார்களாம்.

"ஊட்ட எதுக்குங்க கட்டிப் போடறாங்க? ஓடிப் போயிருமா?"

"அது... ஒரு அழகுக்கு" என்றார் சித்தப்பா, இலையைப் பார்த்துக்கொண்டு.

கள்ளிக்கோட்டைக்காரர்கள் நேரிலேயே வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பேசுவது எங்கள் பேச்சுதான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையின் வாலையும் கொஞ்சம் இழுத்துப் பாடுவார். அவர் ஊரில் முன்னால் கடல், பின்னால் மலை. நிலம் ஏறும், இறங்கும். வெட்டி எடுத்த சிவப்புக் கல்லில் வீடு. வீட்டைச் சுற்றித் தென்னை, பலா, மிளகுக் கொடி. சூரியன் சாயந்தரம் கடலில் போய் விழும். புழுதி என்பதே கிடையாது.

"கெணறு?" என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டேன். மாமியார் என் இடுப்பில் கிள்ளினார்.

"ஊட்டுக்கு ஊடு கெணறுங்க" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அதுல தண்ணி?"

"கோடையிலயும் கையெட்டுற தூரத்துல கெடக்குமுங்க. கல்கண்டாட்டம் இருக்கும்."

கிணற்றில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவர் வீட்டு ஓட்டுத் தாழ்வாரம் நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருக்குமாம், குனிந்துதான் உள்ளே போக வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் "அப்பிடித்தான் கட்டுவாங்க" என்றார். ஒருவன் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தால், மேலே இருந்து ஏதோ விழுகிறது என்றுதானே அர்த்தம்? மழையைப் பற்றி அந்த மனிதர் சொன்னது, "மழைக்கொண்ணும் கொறைச்சலில்லீங்க" என்ற ஒரே ஒரு வரி. அதையும் எழுந்து துண்டை உதறும்போது சொன்னார்.

நாங்கள் மட்டும் யோக்கியமா? பெண்ணுக்கு இழுப்பு என்று இரண்டு பக்கமும் மூச்சுவிடவில்லை. கள்ளிக்கோட்டைக்காரர்கள் பெண் பார்த்தபோது மாமியார் மகளின் காதில், "கண்ணு, அவுங்க போற வரைக்கும் மெதுவா மூச்சு உடு சாமி" என்று கெஞ்சினார். வைகாசி வெயிலில் அவளுக்கு மூச்சு நன்றாகவே வந்தது. பயத்தில் அவள் அதையும் அடக்கிக்கொண்டு நிற்க, முகம் சிவந்துவிட்டது. "பொண்ணு ரொம்ப வெக்கப்படுது" என்று வந்தவர்கள் மகிழ்ந்துபோனார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவார்கள்.

"நங்கை, தப்பான ஊருக்குப் போயிட்டா நான் அங்கேயே மூச்சு முட்டிச் செத்துப் போயிருவனுங்களா?"

விளையாட்டாகக் கேட்பது போல்தான் கேட்டாள். நான் கையை நீட்டி அவள் முதுகைத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை காய்ந்த பாவைச் சுருட்டும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தப் பெண்ணின் மூச்சும் நூலும் ஒன்றாகத்தானே இருக்கின்றன? பெண்ணை அனுப்புவதற்கு முன் நூலை அனுப்பிப் பார்த்தால் என்ன?

என் வீட்டுக்காரர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "அது எப்பிடிப் புள்ள, சும்மா நூலக் குடுத்து வெச்சிருங்கன்னு சொல்றது? எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"எங்க குலவழக்கமுன்னு சொல்லீருங்க அத்தை. குலவழக்கத்த யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

அப்படியே ஆயிற்று. ஒரே பாவிலிருந்து, ஒரே கஞ்சி குடித்த நூலில் சிட்டம் எனப்படும் சுருள்கள் இரண்டை எடுத்து, என் கையால் முடிச்சுப் போட்டேன். 'வாசல் தாழ்வாரத்துல, காத்துப் படற எடத்துல கட்டி வெக்கோணும். ஆடி கழிஞ்சு திருப்பித் தரோணும். எங்க ஊட்டுப் பொண்ணு எடுக்கறவங்க செய்ய வேண்டிய மொறை' என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா ஒன்றைக் கொண்டுபோனார். ஊர் திரும்பும் முன் மறுபடி வந்த கள்ளிக்கோட்டைக்காரர்கள் ஒன்றை வாங்கிப் போனார்கள். ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை. என் மாமியார் அன்றிலிருந்து அதை உண்மையான குலவழக்கம் என்றே நம்பத் தொடங்கியது வேறு கதை.

ஆனியும் ஆடியும் எங்கள் ஊரில் காற்றுக் காலம். மேற்கேயிருந்து விரட்டிக்கொண்டு வரும். போதமலை உச்சியில் மேகம் மொய்த்துக்கொண்டிருக்கும், கீழே ஒரு சொட்டு இறங்காது. பாவு கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்து பட்பட்டென்று அறும். நாத்தனார் அந்த இரண்டு மாதமும் ஆட்டுக்குட்டி போல ஓடிக்கொண்டிருப்பாள்.

ஆடிப் பெருக்கில் பரிசல் ஓடாமல் அக்கரையில் மாட்டிக்கொண்ட சித்தப்பா, தண்ணீர் வடிந்த பிறகு நாகப்பட்டினத்து நூலோடு வந்து சேர்ந்தார். பிரித்தால், அனுப்பியதைவிட மொடமொடப்பாக இருந்தது. ஒரு புள்ளி கிடையாது. மாமியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியா அக்கா! நாஞ் சொன்னேனில்ல?" என்றார் சித்தப்பா.

நான் முடிச்சைப் பார்த்தேன். நூலை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, முடிச்சு என்னுடையதுதான். சரி, நம் புத்திதான் கோணல் என்று நினைத்து நூலை மூக்கருகே கொண்டுபோனேன். கற்பூர வாசனை வந்தது. இன்னும் முகர்ந்தால் நெல்.

"ஏனுங் சித்தப்பா, கடலு கற்பூரமாட்டம் மணக்குமுங்களா?"

அவர் விழித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். குலவழக்கம் என்று சொன்னதும் அந்த வீட்டம்மா பயந்துபோய், நூலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு பித்தளைப் பானை நிறைய நெல் கொட்டி அதற்குள் புதைத்து, சாமி மாடத்தில் வைத்துத் தினமும் சூடம் காட்டியிருக்கிறார். நெல்லுக்குள் இருந்த நூல் எந்தக் காற்றைப் பார்த்திருக்கும்? நாங்கள் சொன்ன பொய்க்கு அவர்கள் பூசை போட்டுவிட்டார்கள்.

"இருந்தாலும் அம்மிணி, வெளிய கட்டியிருந்தாலும் காஞ்சுதான் இருக்கும். நான் அங்க போய் நின்னவனல்லோ? ஆனி ஆடியில அந்த ஊரு அடுப்பாட்டம் கெடக்குது" என்று சித்தப்பா அடித்துச் சொன்னார்.

அவர் முகத்தில் பொய் இல்லை. அதனால் நான் வேறு பக்கமாகப் போனேன்.

"சித்தப்பா, வருஷா வருஷம் தீவாளி முறுக்கத் திங்க ஆரம்பிச்சீங்கன்னா கார்த்திகை தீபம் முடியற மட்டும் இங்கயேதான இருக்கறீங்க. தீவாளிக்குத்தான சேலை விக்கும்? அப்ப மட்டும் நாகப்பட்டினம் ஏன் போறதில்ல?"

"கால் நோவு சாமி."

"வருஷா வருஷம் அதே மாசத்துலயா கால் நோவுது?"

மாமியார் மெதுவாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் அந்தப் பார்வைக்குச் சின்ன வயதிலிருந்தே அவர் பயம்.

"ஐப்பசி கார்த்திகையில கொஞ்சம் மழெ வரும் அக்கா" என்றார். பிறகு, "கொஞ்சம் காத்தும் வரும்" என்றார். பிறகு, "ஒரு தடவெ மூட்டையோட ஒரு மண்டபத்துல ஒண்டிக்கிட்டிருந்தேன். எதிர்ல இருந்த கூரை எந்திரிச்சு எந்தலைக்கு மேல பறந்து போச்சு" என்றார்.

"அதுக்குத்தான் கயிறா?"

"அதுக்குத்தான்."

அப்போதுதான் எங்களுக்கு எங்கள் முட்டாள்தனம் விளங்கியது. மழைக்காலம் என்றால் உலகத்துக்கே ஒரே மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாகப்பட்டினத்துக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை என்றால், ஆனியில் அனுப்பிய நூல் என்ன சொல்லும்? கோடையில் மழை விசாரித்திருக்கிறோம். அப்படியானால் கள்ளிக்கோட்டைக்கு எப்போது மழை? அதை யாரைக் கேட்பது?

கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆவணி பிறந்ததும் அந்த மாப்பிள்ளையே வந்தார். சேலத்துக்குத் துண்டு எடுக்க வந்தவர், குலவழக்கத்தையும் கையோடு முடித்துவிட்டுப் போகலாமென்று எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். என் வீட்டுக்காரர் பிரித்தார். பிரித்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

நூலா அது? செத்த எலியின் வால்போல் கறுத்து, பச்சைப் பூசணம் படர்ந்து, தொட்ட இடத்தில் பிசுபிசுத்தது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "அபசகுனம்!" என்றார்.

"இது எப்பிடீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீங்க சொன்ன எடத்துலதானுங்க கட்டியிருந்தோம். வாசத் தாழ்வாரத்துல." அவர் கொஞ்சமும் கூசவில்லை. "இதுதானுங்க எங்க ஊரு ஆனி ஆடி. வைகாசிக் கடைசியில புடிச்சா உடாது. செருப்புல பூசணம், பொட்டியில பூசணம், கதவு ஊறித் தெறக்காது. கட்டின வேட்டி காயறதுக்குள்ள கட்டாத வேட்டியும் நனைஞ்சு போயிரும். அம்மா புது நூலு ஒண்ணு முடிஞ்சு குடுத்தனுப்பலாமுன்னு சொன்னாங்க. குலவழக்கமாச்சே, கடையில இருக்கற நூலக் குடுத்தா நல்லா இருக்காதுன்னு நாந்தான் இதையே கொண்டாந்தேன்."

தன் ஊரை இப்படித் திட்டுகிற மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புகழ்ந்தவர்களைச் சந்தேகப்பட்ட எனக்கு, இகழ்கிறவர் மேல் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது. இவருக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லையோ? அங்கே எவளையாவது பார்த்து வைத்துக்கொண்டு, மழையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாரோ?

இதை நான் என் வீட்டுக்காரரின் காதில் போட்டுக்கொண்டிருக்கும்போதே போதமலைப் பக்கம் இடித்தது. எங்கள் ஊர் ஆவணி மழை முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது. தெருவில் பாவு கிடந்தது. வீடே வாசலுக்கு ஓடியது. கஞ்சி போட்ட பாவு மழையில் நனைந்தால் அத்தனையும் போச்சு. நாத்தனாரும் எல்லாவற்றையும் மறந்து ஓடினாள். வந்த மாப்பிள்ளையும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார். ஜவுளிக்காரர் ஆனாலும் பாவு சுருட்டும் கை மறக்கவில்லை என்று அந்த அவசரத்திலும் எனக்குத் தோன்றியது.

பாவு தப்பித்தது. நாத்தனார் தப்பிக்கவில்லை. முழுக்க நனைந்து உள்ளே வந்தவள் சுவரில் சாய்ந்தாள். தோள் ஏற ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போன்ற அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மாமியார் ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். கதவைச் சாத்தினால் சத்தம் நிற்குமா?

மாப்பிள்ளை வாசலில் நனைந்த தலையோடு நின்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டார். கீழே கிடந்த பூசணம் பிடித்த நூலைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இதுக்குத்தானுங்களா நூலு?"

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். எங்கள் குலவழக்கம் அந்த இடத்தில் முடிந்துபோயிற்று.

அவர் அப்படியே கிளம்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மிளகுக் கசாயம் வைத்து நாத்தனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அவர் பேசுவது கேட்டது.

"உங்க ஊர்ல ஆடிக்காத்துன்னு சொல்றீங்களே, அது எங்க ஊட்டு வழியாத்தானுங்க வருது. எங்க மலை மேல முட்டி மழையெல்லாம் எங்க தலையில எறக்கி வெச்சுப்போட்டு, பாலக்காட்டு இடுக்குல நொழைஞ்சு வெறுங்கையோட இங்க வந்து சேருது. ஆனி ஆடியில எங்க ஊரு இந்தப் பொண்ணுக்கு ஆகாதுங்க. ஆவணி புரட்டாசியும் சந்தேகந்தான். ஆனா கார்த்திகை பொறந்துட்டா அப்பறம் பங்குனி வரைக்கும் வெய்யலுதான். மார்கழியில உங்க ஊராட்டம் பனி இல்ல, குளிரு இல்ல. அப்ப ஒரு நூலக் கட்டி வெச்சுப் பாருங்க, மொடமொடன்னு நிக்கும்."

"நாகப்பட்டினத்துல அப்பத்தான் கூரை பறக்குதாம்" என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இன்னோர் இடம் பேசிக்கொண்டிருப்பதை இப்படியா போட்டு உடைப்பது!

அவர் சிரித்தார். "எப்பிடியும் ஆடிக்குப் பொண்ணத் தாய் ஊட்டுக்குக் கூட்டியாறது வழக்கந்தானுங்களே. அது நெசமான வழக்கமுங்க. வைகாசிக் கடைசியிலயே நானே கொண்டாந்து உட்டுட்டுப் போறேன். மழெ உட்டதும் வந்து கூட்டிக்கறேன். ஒரு வருஷத்துக்கு இல்ல, வருஷா வருஷம்."

கேட்க மிகவும் நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்கு ஒப்பவில்லை. கதவோரமாக வந்து, "இத்தனை தொந்தரவு எதுக்குங்க? உங்க ஊர்லயே மழையில நனைஞ்சு பழகின பொண்ணு கெடைக்காதுங்களா?" என்று கேட்டேன். இந்தத் தடவை மாமியார் கிள்ளவில்லை.

"கெடைக்குமுங்க. பேசவும் பேசினாங்க." அவர் சுருட்டி வைத்த பாவைக் காட்டினார். "பாவு நனையறப்ப தனக்கு மூச்சு வாங்குமேன்னு பாக்காம இந்தப் பொண்ணு ஓடி வந்ததுங்களே, அந்தக் கையி எங்க அம்மாவுக்கு வேணுமுங்க. அம்மாவுக்கு இப்ப முடியறதில்ல."

ஆக, வேலை செய்ய ஆள் தேடுகிறார்! அந்தப் பதில்தான் என்னைச் சமாதானப்படுத்தியது. காரணம் சொல்லாமல் நல்லவராக இருப்பவரை நான் நம்ப மாட்டேன். காரணத்தோடு நல்லவராக இருப்பவரைக் கொஞ்சம் நம்பலாம்.

அவர் போன பிறகு வீட்டில் பேச்சு நடந்தது. மாமியாருக்கு இன்னும் தம்பி பார்த்த இடத்தின் மேல் ஆசை. நாகப்பட்டினத்துக்கு இரண்டு மாதம்தான் மழை, கள்ளிக்கோட்டைக்கு அரை வருஷம் என்று சித்தப்பாவும் கணக்குப் போட்டார். அதுவும் நியாயம்தான். என் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். அப்போது மூச்சு திரும்பியிருந்த நாத்தனார் படுத்திருந்த இடத்திலிருந்து பேசினாள்.

"நங்கை, அந்தப் பூசணம் புடிச்ச நூலுக்காரரையே பேசி முடிங்க."

"ஏஞ் சாமி?" என்றார் மாமியார்.

"நாகப்பட்டினத்துக்காரங்க நூலக் கும்புட்டுப் பானைக்குள்ள போட்டு மூடி வெச்சாங்க. எனக்கு இழுப்புன்னு தெரிஞ்சா என்னையும் அப்பிடித்தான் எங்கியாச்சும் மூடி வெப்பாங்க. இவரு நாறிப்போன நூல நாறிப்போனதாவே எடுத்துக்கிட்டு ரயிலேறி வந்திருக்காரு."

ஆவணி முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. சித்தப்பா கோபித்துக்கொண்டு முதல் பந்தியில் உட்காரவில்லை, இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை சொன்ன சொல் தவறவில்லை. வருஷா வருஷம் வைகாசிக் கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடு அவளைக் கொண்டுவந்து விடுவார். முதலிரண்டு வருஷம் நான் விடவில்லை. மார்கழியில் அங்கே அவளுக்கு எப்படி இருந்தது என்று குடைந்தேன். நன்றாக இருந்ததாம். கிணற்றில் தண்ணீர்? கையெட்டும் தூரத்தில் கிடந்ததாம். அது மட்டும் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

பிறகு வந்த வருஷங்களில் வேறொரு சந்தேகம் பிடித்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டும் பஸ் வந்துவிட்ட உலகச் சண்டைக் காலம் அது. பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் வாசலுக்கு வரும்போது அவளுக்கு இழுப்பு பலமாக இருக்கும். தோள் ஏறும், இறங்கும். புருஷன் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பித் தெருமுனை தாண்டியதும் இழுப்பு போன இடம் தெரியாது. அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "நங்கை, கடலை உருண்டை இருக்குதுங்களா?" என்பாள். பிறகு மூன்று மாதம் தன் மாமியார் சொல்லுக்கு எழ வேண்டாம், குனிந்து குனிந்து தாழ்வாரம் பெருக்க வேண்டாம், வயலிலிருந்து வந்த மாடு போலப் படுத்து அசை போடுவாள்.

ஒரு வருஷம் அவர்கள் வரும் நாளுக்கு முன் நான் ஒரு சிட்டம் கஞ்சி நூலை எங்கள் நிலைப்படியில் தொங்கவிட்டேன். காற்று அடித்தது, வெயில் காய்ந்தது, நூல் குச்சி போல நின்றது. அந்த வெயிலில்தான் அவள் தோளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

புருஷன் போனதும் நூலைக் காட்டினேன். "அம்மிணி, இதப் பாரு, மொடமொடன்னு நிக்குது. உனக்கு மட்டும் எப்பிடி இழுக்குது? இழுப்பு உட்டுப் போயி எத்தனை நாளாச்சு?"

அவள் கடலை உருண்டையைக் கடித்தாள். "ரெண்டு வருசமிருக்குமுங்க."

"அடிப் பாவி! உம்புருசங்கிட்ட சொல்லலியா?"

"அவரு கேக்கலீங்க நங்கை" என்றாள்.

நான் சிரித்துத் தீர்ப்பதற்குள் வெளியே செருப்புச் சத்தம். குடையை மறந்துவிட்டுப் போன மாப்பிள்ளை திரும்பி வந்திருந்தார். நாத்தனார் உருண்டையை முந்தானையில் ஒளித்துக்கொண்டு அவசரமாகத் தோளைத் தூக்கினாள். அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் தொங்கிய நூலை இரண்டு விரலால் பிடித்து நசுக்கிப் பார்த்தார். அது மொறமொறவென்று சத்தம் போட்டது. உள்ளே பெண்டாட்டி மூச்சு வாங்குவதைப் பார்த்தார். குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆவணியில வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷமும் வைகாசிக் கடைசியில் தகரப் பெட்டி வந்தது.